ஒரு மடிக்கணினி, உள்ளே இன்னொன்று

விர்ச்சுவல் மெஷின் என்னும் மெய்நிகர் கணினி, ஓடிக்கொண்டிருக்கும் கணினிக்குள் மென்பொருளால் எழும்பும் இன்னொரு கணினி. விண்டோஸ் திரையில் ஒரு சாளரம் திறக்கும்; அதற்குள் லினக்ஸ் தன்பாட்டுக்குத் தொடங்கி ஓடும். தனக்கென்று தனி ரேமும் ஹார்டு டிஸ்க்கும் இருப்பதாகவே அது எண்ணிக்கொள்ளும். வெளியே இருப்பதை ஹோஸ்ட் என்றும் உள்ளே ஓடுவதை கெஸ்ட் என்றும் சொல்வார்கள்.

ஒரே பெட்டியில் இரண்டு இயங்குதளம் என்பது தமிழ்நாட்டு மாணவர்களுக்குப் புதிதல்ல. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் தமிழக அரசு நிறுவனமான எல்காட் கொள்முதல் செய்த கணினிகளில் விண்டோஸும், மத்திய அரசு நிறுவனமான சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தன. சேலம்–பெங்களூரு ரயில் பாதையில் தருமபுரிக்கும் ஓசூருக்கும் நடுவே இருக்கும் மாரண்டஹள்ளி போன்ற பேரூராட்சிகளில், பல வீடுகளுக்குள் நுழைந்த முதல் கணினி அதுதான். ஆனால் அது டூயல் பூட். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக, செய்துகொண்டிருந்த வேலையை மூடிவிட்டுக் கணினியை அணைத்து மறுபடி போட வேண்டும். பாஸை எட்டிப் பார்க்காமலே பள்ளிப் படிப்பை முடித்தவர்கள் நிறைய இருப்பதற்கு இந்தச் சள்ளையும் ஒரு காரணம். மெய்நிகர் கணினியில் இரண்டும் ஒரே நேரத்தில் ஓடும். உள்ளே இருக்கும் லினக்ஸைப் பழகுகிறவர் கெடுத்துவிட்டாலும் வெளியே இருக்கும் விண்டோஸுக்கு ஒன்றும் ஆகாது.

இந்த உத்தி 1960களிலேயே ஐபிஎம்மின் பெருங்கணினிகளில் பிறந்தது. 1972இல் விஎம்/370 என்ற பெயரில் வெளிவந்தது. வீட்டுக் கணினிக்கு அது இறங்கி வரத் தாமதமானதற்குக் காரணம் சிப்தான். இன்டெல் வகைச் செயலிகளின் கட்டளைகளில் 17, மெய்நிகர் கணினியின் பிடிக்குள் அடங்காமல் நழுவின. 1999இல் விஎம்வேர் அவற்றை ஓட்டத்தின் நடுவிலேயே கண்டுபிடித்து மாற்றி எழுதும் வழியோடு வந்தது. 2005இல் இன்டெல்லும் அடுத்த ஆண்டு ஏஎம்டியும் இதற்கான வசதியைச் சிப்பிலேயே வைத்துவிட்டன.

அந்த வசதி பல மடிக்கணினிகளில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, செயலிக்கான பக்கத்தில் விர்ச்சுவலைசேஷன் என்ற வரியைப் பார்த்தால் தெரிந்துவிடும். அணைந்திருந்தால் பயாஸுக்குள் போக வேண்டும். அதற்குக் கணினியைப் போட்டதும் அழுத்த வேண்டிய விசை ஏசர், லெனோவோ கணினிகளில் பொதுவாக எஃப்2, எச்பியில் எஃப்10. அங்கே விடி-எக்ஸ் அல்லது எஸ்விஎம் என்று இருப்பதை இயக்கிச் சேமித்தால் போதும்.

அடுத்தது மென்பொருள். ஆரக்கிளின் விர்ச்சுவல்பாக்ஸ் இலவசம். விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் புரோவும் 2024இலிருந்து இலவசம். லினக்ஸே ஹோஸ்ட்டாக இருந்தால் 2007 முதல் அதன் கெர்னலிலேயே இருக்கும் கேவிஎம்மையே பயன்படுத்தலாம். இதற்குப் பிறகு வேண்டியது கெஸ்ட்டில் நிறுவ வேண்டிய இயங்குதளத்தின் ஐஎஸ்ஓ கோப்பு. உபுண்டு 24.04இன் கோப்பு சுமார் 6 ஜிபி. நாளொன்றுக்கு 2 ஜிபி தரும் மொபைல் திட்டத்தில் அது மூன்று நாள் டேட்டா. கல்லூரி ஆய்வகத்தில் பென்டிரைவில் வாங்கிக்கொள்வதே புத்திசாலித்தனம்.

நிறுவும்போது யோசிக்க வேண்டிய இடம் ரேம் ஒன்றுதான். கெஸ்ட்டுக்குக் கொடுத்தது, அது ஓடும்வரை ஹோஸ்ட்டுக்கு இல்லை. 8 ஜிபி உள்ள கணினியில் 3 முதல் 4 ஜிபி கொடுக்கலாம். தாராளமாக 6 கொடுத்தால் இரண்டுமே திணறும். 2 ஜிபியோடு வந்த பழைய விலையில்லா மடிக்கணினியில் இதை முயல்வது வீண். டிஸ்க் அளவு 25 ஜிபி என்று போட்டாலும், தேவைக்கேற்ப வளரும் வகையைத் தேர்ந்தால் கோப்பு சிறிதாகவே தொடங்கும். இணைய இணைப்பை என்ஏடி என்று இருப்பதுபோல் விட்டுவிடலாம். நிறுவி முடித்ததும் கெஸ்ட் அடிஷன்ஸைப் போட்டால் திரை முழு அளவுக்கு விரியும், இரு பக்கமும் கோப்புகளைப் பகிரலாம். விர்ச்சுவல்பாக்ஸ் சாளரத்தின் அடியில் பச்சை ஆமை ஒன்று தெரிந்தால், விண்டோஸின் சொந்த மெய்நிகர் வசதியான ஹைப்பர்-வி குறுக்கே நிற்கிறது என்று பொருள். அதை அணைத்தால்தான் வேகம் திரும்பும்.

மெய்நிகர் கணினியின் பெரிய வரம் ஸ்னாப்ஷாட். எதையாவது சோதிக்கும் முன் ஒன்று எடுத்துவைத்தால், சிக்கலானதும் ஒரு கிளிக்கில் பழைய நிலைக்குத் திரும்பலாம். இது காப்புப்பிரதி ஆகாது. ஹார்டு டிஸ்க் போனால் ஸ்னாப்ஷாட்டும் கூடவே போகும்.

மாணவர்களைவிட மெய்நிகர் கணினியால் அதிகப் பயன் பெறக்கூடியவர்கள் சிற்றூர்களின் அச்சகத்தாரும் டிடிபி கடைக்காரர்களும் என்று சொல்லலாம். கல்யாணப் பத்திரிகைகளும் கோயில் நோட்டீஸ்களும் ஆண்டுக்கணக்கில் பேஜ்மேக்கரில், யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் அடித்துச் சேர்ந்தவை. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001இல். அது சுகமாக ஓடும் விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலோடு மைக்ரோசாஃப்ட்டின் ஆதரவு முடிந்தது. பழைய கோப்புகளைத் திறப்பதற்காகவே உயிரை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும் கணினியை அப்படியே மெய்நிகர் கணினியாக மாற்றிவிடலாம். 1 ஜிபி ரேம் அதற்குத் தாராளம். எக்ஸ்பிக்கு இணைய இணைப்பு மட்டும் கூடவே கூடாது. உள்ளே உருவாக்கும் பிடிஎஃப்பைப் பகிர்வுக் கோப்புறை வழியே வெளியே எடுத்து அச்சிடலாம். முறையான உரிம எண்ணும் வேண்டும். மெய்நிகர் என்பதால் உரிமம் தேவையில்லை என்று ஆகிவிடாது.

புதிய கணினி வாங்கும்போது இதன் அருமை தெரியும். அந்த எக்ஸ்பி முழுதும் ஒரே கோப்புறை என்பதால் பென்டிரைவில் எடுத்துப் புதியதில் போட்டால், எழுத்துருக்களும் அமைப்புகளும் இருந்தபடியே திறக்கும். உரிமத்துக்குச் சான்றாகக் கணினியில் செருக வேண்டிய டாங்கிளைக் கேட்கும் பழைய மென்பொருள்களில்தான் கவனம் வேண்டும். யுஎஸ்பி டாங்கிளைப் பெரும்பாலும் கெஸ்ட்டுக்குள் விட முடியும். பிரிண்டர் போர்ட்டில் செருகும் பழைய வகையென்றால், அந்த வேலைக்குப் பழைய கணினியையே வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.