கூரை இறக்கிய கார்கள்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், செயின்ட் பால் நகரை ஒட்டிய பொருட்காட்சி மைதானத்தில் ஆண்டுதோறும் ஜூன் மாதம் மூன்று நாள் நடப்பது ‘பேக் டு தி ஃபிஃப்டீஸ்’ கார் கண்காட்சி. இதில் வண்டி நிறுத்த முக்கிய நிபந்தனை, அது 1964-லோ அதற்கு முன்போ தயாரான மாடலாக இருக்க வேண்டும் என்பது. மினசோட்டா ஸ்ட்ரீட் ராட் சங்கம் 1974-ல் தொடங்கிய இந்நிகழ்ச்சிக்கு இப்போது பத்தாயிரம் கார்கள் வரை வருகின்றன. மைதானத்துத் தெருக்களில் இருபுறமும் பானட் திறந்தபடி அவை நிற்க, உரிமையாளர்கள் பக்கத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள்.

அங்கே நிற்பவற்றை இரண்டு குலமாகப் பிரிக்கலாம். தொழிற்சாலையிலிருந்து வந்த கோலத்துக்கே திருப்பிக் கொண்டுவரப்பட்டவை ஒன்று. பழைய உடலை வெட்டி, தாழ்த்தி, வேறு இன்ஜின் பொருத்திய ஹாட் ராடுகள் மற்றொன்று. முதல் வகை எல்லா நாட்டிலும் உண்டு. இரண்டாவது, அமெரிக்க இளைஞர்களின் கையிருப்புக் குறைவில் பிறந்தது.

1908 முதல் 1927 வரை ஃபோர்டு நிறுவனம் மாடல் டி கார்களை ஒன்றரைக் கோடிக்கு மேல் தயாரித்துத் தள்ளியது. அவை பழசானபோது அடிமாட்டு விலைக்குக் கிடைத்தன. தெற்குக் கலிஃபோர்னியப் பையன்கள் அவற்றை வாங்கி, மட்கார்டு, கூரை, பம்பர் என எடை கூட்டும் எல்லாவற்றையும் கழற்றி எறிந்தார்கள், இன்ஜினை முடுக்கினார்கள். வறண்ட ஏரிப் படுகைகளில் ஓட்டிப் பார்த்தார்கள். அந்த ஓட்டங்களுக்கு ஒழுங்கு கொண்டுவர 1937-ல் தெற்குக் கலிஃபோர்னிய டைமிங் சங்கம் உருவானது.

இந்தக் கூட்டத்துக்குக் கிடைத்த புதையல் 1932-ன் ஃபோர்டு. சாமானியர் வாங்கும் விலையில் எட்டு சிலிண்டர் வி-8 இன்ஜின், 3.6 லிட்டர், 65 குதிரைத்திறன். இன்றும் கண்காட்சிகளில் அதிகம் மொய்க்கப்படுவது அந்த ஆண்டு மாடல்தான். பழைய வி-8 இன்ஜினை அடையாளம் காண்பது எளிது: சிலிண்டர்களுக்கு மேல் தட்டையான மூடி, அதன் மேல் வரிசையாக ஸ்பார்க் பிளக். வால்வுகள் மூடியில் இல்லாமல் பிளாக்கிலேயே இருக்கின்றன. எரிந்த புகையும் பிளாக்குக்குள் புகுந்தே வெளியேற வேண்டியிருப்பதால் இன்ஜின் சீக்கிரம் சூடேறும். இத்தனை குறையோடும் அதைக் கட்டிக்கொண்டு அழுதவர்களை 1955-ல் வந்த ஷெவர்லேயின் 4.3 லிட்டர் வி-8 விடுவித்தது. ஃபோர்டு உடலுக்குள் ஷெவர்லே இன்ஜின் உட்காருவது அன்று தொடங்கியது. ஃபோர்டு பக்தர்களின் முணுமுணுப்பும் இன்னும் ஓயவில்லை.

இரண்டாம் உலகப் போர் முடிந்து, படையில் மெக்கானிக் வேலை பழகியவர்கள் ஊர் திரும்பியதும் மோகம் பெருகியது. நடுரோட்டில் பந்தயம் விடுபவர்கள் என்ற கெட்ட பெயரும் சேர்ந்தே வளர்ந்தது. 1948 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த ஹாட் ராட் கண்காட்சிக்கு, இதுவும் கைவேலைதான் என்று ஊருக்குக் காட்டும் நோக்கமும் இருந்தது. ராபர்ட் பீட்டர்சனின் ‘ஹாட் ராட்’ இதழும் அதே மாதம்தான் தொடங்கியது. 1950-ல் ஓக்லண்டில் ரோட்ஸ்டர் (நிலையான கூரையில்லாத கார்) கண்காட்சி வந்தது. ‘அமெரிக்காவின் மிக அழகான ரோட்ஸ்டர்’ என்ற பரிசை முதலில் பெற்றது பில் நீகாம்ப் கட்டிய 1929 ஃபோர்டு. அதே 1950-ல், அதே கலிஃபோர்னியாவில், பெபிள் பீச் கார் அழகுப் போட்டியும் பிறந்தது. அங்கே இன்று பெரும்பாலும் ஆலைக் கோலத்திலிருந்து மாறியிருந்தால் குற்றம். ஹாட் ராட் உலகில் மாறாவிட்டால் குற்றம்.

கண்காட்சியில் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டியது கூரை. ஜன்னலைச் சுற்றியுள்ள தூண்களில் மூன்று அங்குலம்போல அறுத்தெடுத்து, கூரையைக் கீழே இறக்கி மறுபடி வெல்டிங் வைப்பது ஹாட் ராட் பட்டறையின் அடிப்படை வித்தை. 1932 ஃபோர்டில் தூண்கள் கிட்டத்தட்ட நேராக நிற்பதால் வேலை சற்றுச் சுலபம். 1949 மெர்குரியில் தூண்கள் சாய்ந்தவை. இறக்கினால் மேல் துண்டும் கீழ்த் துண்டும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தாது; கூரையையே குறுக்கே அறுத்து, தகடு சேர்த்து நீட்ட வேண்டும், அல்லது தூணை இன்னும் சாய்க்க வேண்டும். பிறகு கண்ணாடியையும் அளவுக்கு வெட்ட வேண்டும். நல்ல டிங்கரிங் வேலையில் இவ்வளவு நடந்த சுவடே தெரியாது.

சுவடு தேடத் தெரிந்தவர்கள் பின்சக்கரத்தருகே குனிந்து, பக்கவாட்டுத் தகட்டை நீளவாக்கில் பார்ப்பார்கள். அதில் விழும் மரத்தின் நிழலுருவமோ டியூப்லைட்டோ நேர்கோடாக ஓடினால் தகடு நேராக இருக்கிறது. நெளிந்தால் உள்ளே பட்டி தடிமனாக இருக்கிறது. முந்தைய தலைமுறை பட்டிக்குப் பதில் ஈயத்தை உருக்கிப் பூசியது. கதவைச் சுற்றி இடைவெளி ஒரே சீராக இருக்கிறதா என்பது அடுத்த சோதனை. நெருப்புச் சுவாலை ஓவியமும் குரோம் மினுக்கும் கண்ணைப் பறிப்பவைதாம். தகட்டு வேலையின் தரத்தை அவை சொல்லாது.

தீராத வழக்கு ஒன்றும் உண்டு. அசல் 1932 இரும்பு உடல்கள் அரிதாகிவிட்டதால் ஃபைபர் உடல்களும் புதிதாக அடித்த இரும்பு உடல்களும் விற்பனைக்கு வந்துவிட்டன. 1932-ன் ஒரு திருகாணிகூட இல்லாத ‘1932 ஃபோர்டு’ இன்று சாத்தியம். மினசோட்டா சட்டம் 1949-க்கு முந்தைய மாற்றிக் கட்டிய கார்களுக்கும், அவற்றைப் போலச் செய்த புதியவற்றுக்கும் ‘ஸ்ட்ரீட் ராட்’ என்ற தனி நம்பர் பிளேட்டே தருகிறது. அசல் இரும்பு வைத்திருப்பவர் இதை ஒப்புவதில்லை. பேச்சுக் கொடுத்தால் அரை மணி நேரம் விளக்குவார்.

பார்வையாளருக்கு எழுதப்படாத சட்டம் ஒன்றே: தொடக் கூடாது. பெல்ட் பக்கிளும் மோதிரமும் பெயின்ட்டில் கீறல் போடும். ஆனால் உரிமையாளரிடம் எதையும் கேட்கலாம். கேட்பதற்காகத்தான் அவர் நாற்காலி போட்டிருக்கிறார்.

இந்தியாவில் இப்படியொரு கூட்டம் சட்டப்படி கூடுவது கடினம். வண்டியின் அடிப்படை அம்சங்களைத் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடை விதிக்கிறது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2021-ல் வந்த விதிகளின்படி ‘வி.ஏ.’ வரிசைப் பதிவு பெற வண்டிக்கு ஐம்பது வயது தாண்டினால் மட்டும் போதாது. சேஸிஸ், உடல், இன்ஜின் மூன்றும் பெரிய மாற்றமின்றி அசலாக இருக்க வேண்டும். கூரை இறக்கிய மெர்குரிக்கு அந்தப் பதிவு கிடைக்காது.