சர்வர் வந்தால் ஊருக்கு என்ன மிஞ்சும்?

தமிழ்நாட்டின் பெரிய டேட்டா சென்டர்கள் பெரும்பாலும் சென்னைப் பகுதியில், அம்பத்தூர், சிறுசேரி போன்ற இடங்களில் இருக்கின்றன. ஓசூரை அடுத்த கெலமங்கலத்தில் இன்று பேச்செல்லாம் தொழிற்சாலைகளைப் பற்றியது. ஆனாலும் டேட்டா சென்டரால் உள்ளூருக்கு என்ன லாபம் என்று முன்கூட்டியே கேட்டுவைக்க வேண்டிய ஊர் இது. பெங்களூரு கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. ஓசூரில் விமான நிலையம் அமையும் என்று 2024 ஜூனில் சட்டமன்றத்தில் அறிவிப்பு வந்தது. மாநில அரசு 2021-லேயே டேட்டா சென்டர்களுக்கெனத் தனிக் கொள்கை வெளியிட்டுவிட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, இங்கே ரோஜா விளைய வைக்கும் அதே குளுமை, இரவும் பகலும் சூடேறும் சர்வர்களைக் குளிர்விக்கும் செலவையும் குறைக்கும்.

டேட்டா சென்டர் என்றதும் நம் மக்கள் இன்னொரு கம்பெனி என்றே நினைப்பார்கள். ஐம்பது ஆண்டுகளாக ஓசூர் வட்டாரம் கண்டது கம்பெனிகளைத்தான். சிப்காட் வந்தது, டிவிஎஸ், டைட்டன், அசோக் லேலண்ட் வந்தன. ஒவ்வொன்றையும் சுற்றி லேத் பட்டறை, பெயின்டிங், பிளாஸ்டிக் அச்சு என்று நூற்றுக்கணக்கான சிறு தொழில்கள் முளைத்தன. உத்தனப்பள்ளி அருகே டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் ஆயிரக்கணக்கான பெண்கள் ஷிப்டு பார்க்கிறார்கள். அவர்களை நம்பி விடுதி, மெஸ், வேன், மளிகைக் கடை எல்லாம் நடக்கின்றன. டேட்டா சென்டர் இந்த வகை அல்ல. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலச் சட்டமன்றத்தின் ஆய்வுக் குழு 2024 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையின்படி, இரண்டரை லட்சம் சதுர அடி கொண்ட மையம் ஒன்றில் நிரந்தரமாக வேலை பார்ப்பவர்கள் சுமார் 50 பேர். அதிலும் பாதிப்பேர் கான்ட்ராக்ட் ஆட்கள். கட்டுமானத்தின் உச்சத்தில் அதே இடத்தில் 1,500 பேர் வரை இருப்பார்கள், ஆனால் அந்த வேலை ஒன்றரை ஆண்டுக்குள் முடிந்துவிடும். உள்ளே ஓடும் சர்வரும் சிப்பும் எங்கிருந்தோ வருபவை. ஓசூர்ப் பட்டறைக்குக் கிடைப்பது ஜெனரேட்டர், ஏசி பராமரிப்பு போன்ற சில்லறை வேலைகள்தான்.

வேலை குறைவாக இருந்தாலும் வரி வருமே என்பார்கள். என் கவலை முக்கியமாக இந்த இடத்தில்தான். வர்ஜீனியாவின் லவுடன் கவுண்டி இதற்குப் பெரிய சாட்சியாகக் காட்டப்படுகிறது. அங்கே உள்ளாட்சி வருவாயில் 31 சதவீதம் டேட்டா சென்டர்களிலிருந்து வருவதாக அதே அறிக்கை சொல்கிறது. பொய்யில்லை. ஆனால் லவுடனில் கட்டடத்துக்கு மட்டுமல்லாமல் உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர்களுக்கும் உள்ளாட்சியே வரி போடுகிறது. நம் பேரூராட்சியோ ஊராட்சியோ சொத்து வரியைக் கணக்கிடுவது கட்டடத்தின் பரப்பையும் பயன்பாட்டையும் வைத்து. உள்ளே இருக்கும் பல நூறு கோடி ரூபாய் சர்வர்களுக்கு அதில் இடமில்லை. அடுத்தது தொழில் வரி. ஒருவருக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று அரசியலமைப்புச் சட்டமே வரம்பு கட்டியிருக்கிறது. 50 பேர் முழுத் தொகையைக் கட்டினாலும் ஊருக்கு வருவது ஒன்றேகால் லட்சம். ஆயிரக்கணக்கில் ஆள் வைத்திருக்கும் ஆலையில் தலைக்குச் சில நூறு வந்தாலே பல லட்சம் சேரும். மின்சார வரி மாநிலத்துக்கு, ஜிஎஸ்டி மத்திய, மாநில அரசுகளுக்கு. முதலீட்டை இழுக்க மாநிலம் விட்டுக்கொடுக்கும் சலுகைகள் தனி. நிலமும் நீரும் தருவது கெலமங்கலம். வருவாய் போய்ச் சேருவது வேறு இடம்.

நீர்க் கணக்கு இன்னும் கடுமையானது. நீராவியாக்கிக் குளிர்விக்கும் முறையில் ஒரு மெகாவாட்டுக்கு ஆண்டுக்குச் சுமார் 2.55 கோடி லிட்டர் வேண்டும் என்பது பரவலான மதிப்பீடு. அந்த முறையில் 30 மெகாவாட் மையம் ஒன்று நாளுக்கு ஏறக்குறைய 21 லட்சம் லிட்டர் குடிக்கும். ஜல் ஜீவன் திட்டத்தின் ஆளுக்கு 55 லிட்டர் கணக்கில் பார்த்தால், அது 38 ஆயிரம் பேரின் தண்ணீர். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்ததால் 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்த மாவட்டம் இது. தென்பெண்ணையில் கெலவரப்பள்ளி அணைக்கு நுரை பொங்க வருவது பெங்களூருவின் கழிவு. காற்றால் குளிர்விக்கும் புதிய முறைகளில் நீர் மிகக் குறைவாகவே போகும் என்ற பதில் உண்மைதான், ஆனால் அதற்கு மின்சாரம் கூடுதலாகச் செலவாகும். எந்த முறை என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்காவிட்டால் பிறகு கேட்க வழியில்லை. அமெரிக்காவின் த டாலஸ் என்ற சிற்றூரில் கூகுள் எவ்வளவு தண்ணீர் எடுக்கிறது என்ற விவரத்தை வெளிவிடாமல் தடுக்க நகர நிர்வாகமே நீதிமன்றம் போனது. ஓராண்டுக்கு மேல் வழக்கு நடந்து 2022 இறுதியில் கணக்கு வெளியானபோது, ஊர்த் தண்ணீரில் கால் பங்குக்கும் அதிகம் கூகுளுக்குப் போவது தெரிந்தது.

இப்படிக் கெடுபிடி செய்தால் ஆந்திராவுக்குப் போய்விடுவார்கள் என்ற வாதத்தை லேசாகத் தள்ள முடியாது. 2025 அக்டோபரில் கூகுள் 1,500 கோடி டாலர் முதலீட்டை விசாகப்பட்டினத்துக்குத்தான் அறிவித்தது. ஆனால் சலுகை ஒன்றையே பார்த்து இடம் தேடுபவர்களை இன்னும் பெரிய சலுகை காட்டும் மாநிலம் எப்போதும் இழுத்துக்கொள்ளும். குளிர்ந்த காற்றும் பெங்களூருவின் அருகாமையும் வேறெங்கும் எளிதில் கிடைக்காது. பேரம் பேச நமக்கு அந்த பலம் இருக்கிறது. வரும் மையம் நல்ல தண்ணீரைத் தொடக் கூடாது. கோயம்பேட்டில் சுத்திகரித்த கழிவுநீர் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளுக்குக் குழாயில் போகிறது. ஓசூர் மாநகராட்சியின் கழிவுநீரையும் அப்படிக் கொண்டுவரலாம். மாநிலம் பெறும் மின்சார வரியில் ஒரு பங்கு அந்தந்த ஊராட்சிக்கு என்று விதி வேண்டும். நீர், மின் பயன்பாட்டை மாதந்தோறும் ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுத வேண்டும்.

உத்தனப்பள்ளி, நாகமங்கலம் பகுதி விவசாயிகள் சிப்காட் நில எடுப்பை எதிர்த்து 2023-ல் மாதக்கணக்கில் உட்கார்ந்தார்கள். அறிவிப்பு வந்த பின்பு போராடுவது எவ்வளவு கடினம் என்று அவர்களைக் கேட்டால் தெரியும். கெலமங்கலம் ஒன்றியத்து ஊராட்சிகளில் மார்ச் 22 உலகத் தண்ணீர் நாளன்று கிராம சபை கூடுகிறது. நல்ல தண்ணீரைத் தொடாமை, மின்சார வரியில் பங்கு, மாதந்தோறும் பயன்பாட்டுக் கணக்கு என்ற மூன்று நிபந்தனைகளையும் அங்கே தீர்மானமாக முன்கூட்டியே பதிவு செய்யுங்கள்.