மறந்து போகும் பயிற்சிக்கு மொபைல் தரும் மணி

இருமினால், தும்மினால், குடத்தைத் தூக்கினால் சிறுநீர் கசிவது பெண்கள் பலருக்கு உள்ள தொல்லை. புராஸ்டேட் ஆபரேஷன் ஆன ஆண்களுக்கும் இது வருவதுண்டு. யாரும் வெளியே சொல்வதில்லை. கடையத்தில் இருக்கும் என் பெரியம்மாவும் சொல்லவில்லை. குற்றாலத்தில் சீசன் களை கட்டிய நேரத்தில், "பஸ்ல அவ்வளவு தூரம் என்னால இருக்க முடியாது ஏட்டி" என்று அவர் வர மறுத்தபோதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. (பெயர் போடக் கூடாது என்ற நிபந்தனையுடன் எழுத அனுமதித்திருக்கிறார்.)

தென்காசியில் பிசியோதெரபிஸ்ட் ஒருவர் இடுப்புத் தளத் தசைகளுக்கான பயிற்சியைக் கற்றுத் தந்தார். சிறுநீரை அடக்குவது போல உள்நோக்கி இறுக்கி, 5 விநாடி பிடித்து, 5 விநாடி தளர்த்த வேண்டும். இப்படி 8 முறை. தினமும் மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம். இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2019-ல் தந்த வழிகாட்டுதலும் 8 முறை, மூன்று வேளை, மூன்று மாதம் என்றே சொல்கிறது. கணக்குப் போட்டால் ஒரு வேளைக்கு 80 விநாடி. நாள் முழுவதற்கும் நான்கே நிமிடம். ஆனாலும் இரண்டாவது வாரமே பெரியம்மா மறந்துவிட்டார். வலி இல்லை, வியர்வை இல்லை, உடனே பலனும் தெரிவதில்லை. பின் எப்படி ஞாபகம் வரும்?

இதற்கென்றே அப்ளிகேஷன்கள் உள்ளன. ஸ்வீடனில் உமியோ பல்கலைக்கழகத்தினர் உருவாக்கிய 'டேட்' அப்ளிகேஷனை 123 பெண்களிடம் சோதித்து, 2017-ல் முடிவை வெளியிட்டனர். மூன்று மாத முடிவில், அப்ளிகேஷன் பெற்ற குழுவுக்கு மற்றவர்களைவிடத் தொல்லை குறைந்திருந்தது. இங்கிலாந்து பிசியோதெரபிஸ்ட்கள் தயாரித்த 'ஸ்குவீசி'யும் பிரபலமானது. ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவர்கள் இவற்றைப் பார்க்கலாம். பெரியம்மாவுக்கு அது சரிப்படவில்லை. எனவே பொதுவான, இலவச அப்ளிகேஷன்களை வைத்தே ஒரு வழி செய்தேன்.

முதலில் போனில் உள்ள ரெக்கார்டரைத் திறந்து, "இறுக்கு... ஒண்ணு, ரெண்டு..., விடு" என்று தமிழில் 8 முறை பேசிப் பதிந்தேன். அடுத்து 'லூப் ஹேபிட் டிராக்கர்' அப்ளிகேஷனை இன்ஸ்டால் செய்தேன். இது ஓப்பன் சோர்ஸ். விளம்பரம் இல்லை, அக்கவுண்ட் தேவையில்லை. ஒரு பழக்கத்திற்கு ஒரு நினைவூட்டல் மட்டுமே தரலாம் என்பதால் காலை, மதியம், இரவு என மூன்றாக அமைத்திடவும். பயிற்சியை முடித்ததும் அந்தக் கட்டத்தில் விரலை அழுத்திப் பிடித்தால் டிக் விழும். ஒரு நாள் விட்டுப் போனாலும் மதிப்பெண் பூஜ்யத்திற்குப் போகாமல் சற்றே இறங்கும். இது எனக்கு மிகவும் பிடித்தது. எல்லாம் போச்சு என்று காட்டினால் பெரியம்மா அன்றோடு விட்டிருப்பார்.

ஆனால் நான்காவது நாளே மணி அடிக்கவில்லை. போனின் பேட்டரி சேமிப்பு வசதி அப்ளிகேஷனைத் தூங்க வைத்துவிட்டது. செட்டிங்ஸ் சென்று, ஆப்ஸ் பிரிவில் இதனைத் தேர்ந்தெடுத்து, பேட்டரி என்பதில் 'அன்ரெஸ்ட்ரிக்டட்' எனக் கொடுத்த பின் சரியானது.

இன்னொரு சிக்கல், விருந்தாளிகள் உட்கார்ந்திருக்கையில் திரையில் "தசைப் பயிற்சி" என்று எழுத்து வந்து நின்றதுதான். அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை. இப்போது அதன் பெயர் 'பிச்சிச் செடி'. யார் பார்த்தாலும் செடிக்குத் தண்ணீர் ஊற்றும் நேரம் என்றுதான் நினைப்பார்கள். இத்தகைய உடல் விவரங்களைக் கேட்கும் எந்த அப்ளிகேஷனையும் இன்ஸ்டால் செய்யும் முன், பிளே ஸ்டோரில் 'டேட்டா சேஃப்டி' பகுதியைப் படித்துவிடுங்கள். மணி அடிக்க உங்கள் காண்டாக்ட்ஸ் எதற்கு?

ஒன்றை மறக்க வேண்டாம். இந்தப் பயிற்சியைப் பரப்பிய அமெரிக்க டாக்டர் ஆர்னால்டு கெகல் 1948-ல் கட்டுரை வெளியிட்டபோதே, தசை இறுகுகிறதா என முள் காட்டும் கருவியையும் பயன்படுத்தினார். நாம் இங்கு அமைத்த மணிக்கு அந்தக் கண் இல்லை. மூச்சைப் பிடித்து, தொடையையும் பிட்டத்தையும் இறுக்கினாலும் டிக் விழும். எனவே ஒரு முறையாவது டாக்டர் அல்லது பிசியோதெரபிஸ்டிடம் நேரில் கற்றுக்கொள்ளவும். சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்திப் பழகுவது கூடாது. சிறுநீரில் ரத்தமோ, அடிவயிற்றில் வலியோ இருந்தால் முதலில் டாக்டரைப் பாருங்கள்.

மூன்று மாதம் கழித்து, பெரியம்மா பஸ்ஸில் தென்காசி வரை நிம்மதியாகப் போய் வருகிறார். தும்மல் மட்டும் இன்னும் தொல்லை தருகிறது. லூப் தரும் பதிவை சிஎஸ்வி பைலாக எக்ஸ்போர்ட் செய்து பிசியோதெரபிஸ்டிடம் காட்டினோம். மதிய வேளையில்தான் அதிகம் விட்டுப் போயிருக்கிறது என்று பார்த்து, அதனை மாலை 4 மணிக்கு மாற்றச் சொன்னார்.