நம்ம ஊர்க் காற்றை யார் அளப்பது?

போன வாரம் எவ்வளவு மழை என்று கேட்டால் நம்ம விவசாயி பட்டென்று சொல்லிவிடுவார். காற்றில் எவ்வளவு மாசு என்று கேட்டால்?

1984 முதல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், மாநில வாரியங்களோடு சேர்ந்து காற்றை அளந்து வருகிறது. ஒருவகை நிலையங்களில் வாரத்துக்கு இரண்டு நாள், 24 மணி நேரம் காற்றை உறிஞ்சி, வடிதாளில் படிந்த தூசியை ஆய்வகத்தில் எடை போடுவார்கள். ஆண்டுக்கு 104 நாள்தான் கணக்கு. இன்னொரு வகை தானியங்கி. இரவு பகலாக அளந்து இணையத்தில் ஏற்றிவிடும். 2015-இல் வந்த காற்றுத் தரக் குறியீடு எட்டு மாசுகளைப் பார்க்கிறது. அவற்றில் எது மோசமோ, அதுவே அன்றைய எண். யூரியா போட்ட வயலிலிருந்து கிளம்பும் அம்மோனியாவும் அந்த எட்டில் ஒன்று.

ஆனால் நிலையங்கள் பெரும்பாலும் நகரத்தில்தான். பஞ்சாபில் நெல் தாள் எரிவதைச் செயற்கைக்கோள் எண்ணுகிறது. அந்தப் புகையை முதலில் சுவாசிக்கிற கிராமத்துக் குழந்தையை யார் எண்ணுவது? கணக்கில் விவசாயி புகை போடுகிறவராக மட்டுமே வருகிறார்.

வாரியத்தின் சமீர் செயலியில் உங்களுக்குப் பக்கத்து நிலையம் எதுன்னு பாருங்க. இல்லையென்றால் கிராமசபையில் கேளுங்க. கருவி வரும்வரை காத்திருக்க வேண்டாம். தாளை எரிக்காமல் மூடாக்காகப் போடுவோம்.