எச்.ஐ.வி.யும் வேலையும்: சொல்வதா, வேண்டாமா?

எச்.ஐ.வி. தொற்று உள்ளவர் அதை வேலை செய்யும் இடத்தில் சொல்லித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் இந்தியாவில் இல்லை. நீதிமன்றம் உத்தரவிட்டால் ஒழிய, சொல்வதும் சொல்லாததும் அவரவர் விருப்பம். 2017இல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் இதைத் தெளிவாகச் சொல்கிறது.

வேலையிடத்தில் தொற்றுள்ளவர்களின் உரிமைக்கு வழி திறந்தது ஒரு தற்காலிகத் தொழிலாளியின் வழக்கு. பொதுத்துறை நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தவர் அவர். பணி நிரந்தரத்துக்கான மருத்துவப் பரிசோதனையில் தொற்று தெரிந்ததும், இருந்த வேலையும் போனது. பம்பாய் உயர் நீதிமன்றம் 1997இல் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது: வேலை செய்ய உடல்தகுதி உள்ளவரை, பிறருக்கு ஆபத்தில்லாதபோது, தொற்றைக் காட்டி ஒதுக்கக் கூடாது. பெயர் வெளியே வராமல் ‘எம்.எக்ஸ்.’ என்ற எழுத்துகளோடு அவர் வழக்கு நடத்தவும் நீதிமன்றம் அனுமதித்தது.

சட்டத்தின் துணை இல்லாத அந்தக் காலத்திலேயே பெயரும் முகமும் மறைக்காமல் பேசியவர்களும் உண்டு. நாமக்கல் பகுதியைச் சேர்ந்த கௌசல்யா பெரியசாமி, கணவர் வழியாகத் தொற்று வந்ததை வெளிப்படையாகச் சொல்லி, 1998இல் தொற்றுள்ள பெண்களுக்கான அமைப்பைச் சென்னையில் தொடங்கினார். தொற்றே அவருடைய பொதுப்பணிக்குத் தொடக்கமானது.

இன்று வடலூரிலிருந்து நெய்வேலி சுரங்கத்துக்குப் போகும் நிரந்தரத் தொழிலாளி, ஒப்பந்தத் தொழிலாளி இருவருக்கும் 2017 சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. வேலைக்குச் சேர்க்க எச்.ஐ.வி. பரிசோதனையை நிபந்தனையாக வைக்கக் கூடாது. பணிநீக்கம் செய்வதானால், தகுதியுள்ள, நிறுவனத்தைச் சாராத மருத்துவரின் மதிப்பீட்டை எழுத்தில் தர வேண்டும். மாற்று ஏற்பாடு செய்ய முடியாததன் காரணத்தையும் நிர்வாகம் எழுத்தில் தர வேண்டும். நூறு பேர் அல்லது அதற்கு மேல் பணிபுரியும் நிறுவனத்தில் இதற்கென ஒரு புகார் அலுவலர் இருக்க வேண்டும். நம்பிச் சொன்ன ஒருவரின் தொற்று நிலையை அவர் சம்மதமின்றி வெளியிடவும் கூடாது.

மருத்துவமும் மாறிவிட்டது. எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. கூட்டு மருந்து 2004 முதல் அரசு மையங்களில் இலவசம். தினமும் ஒரு மாத்திரை போதும் என்ற நிலை பலருக்கு வந்துவிட்டது. மருந்தைத் தவறாமல் எடுத்து, ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால் உடலுறவு வழியாகக்கூடத் தொற்று பரவாது. கேன்டீனில் சேர்ந்து சாப்பிடுவதாலோ, ஒரே கழிப்பறையைப் பயன்படுத்துவதாலோ, கருவிகளைக் கைமாற்றுவதாலோ எப்போதும் பரவியதில்லை.

சொல்வதால் நடைமுறை நன்மையும் உண்டு. மருந்து வாங்கும் நாளில் ஷிப்ட் மாற்றிக் கேட்கலாம். உடல்நலம் குன்றினால் இலகுவான வேலை கேட்கலாம். ஆனால் ஊர் முழுக்கச் சொல்லத் தேவையில்லை. மேலதிகாரி ஒருவரிடம் மட்டும் சொல்லி, ரகசியம் காக்கும்படி எழுத்தில் கேட்டுக்கொள்ளலாம். அதற்கு முன் எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்தின் ஆலோசகரிடமோ 1097 என்ற இலவச உதவி எண்ணிலோ பேசிவிடுவது நல்லது. உடன் வேலை பார்ப்பவர் இப்படி ஒன்றை நம்மிடம் சொன்னால், அதை இன்னொருவர் காதில் போடாமல் இருப்பது நம் கடமை.