ஜீவாவின் நாட்டில் ஆயாவுக்கு இடம் உண்டா?

நாற்பது வயதைத் தாண்டிய நம்மில் பலருக்கு 'என் இனிய இயந்திரா' என்ற பெயரைக் கேட்டதும் ஒரு நாய் நினைவுக்கு வரும். அது பேசும், புத்தகம் படிக்கும், யோசித்துப் பதில் சொல்லும் இயந்திர நாய். பெயர் ஜீனோ. தூர்தர்ஷனில் அந்தத் தொடர் வந்த நாட்களில் உழவர்கரையில் எங்கள் தெருவில் தொலைக்காட்சிப் பெட்டி இருந்த வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். தொடர் வரும் நேரத்தில் எங்கள் வீட்டுக் கூடம் நிறைந்துவிடும். இடம் கிடைக்காதவர்கள் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். நான் அப்போது சிறுவன். ஜீனோவைப் போலவே கழுத்தைச் சாய்த்துப் பேசிப் பார்ப்பதும், நண்பர்களின் பெயரை எல்லாம் இரண்டெழுத்தாகச் சுருக்கிக் கூப்பிடுவதும் எங்கள் விளையாட்டாக இருந்தது.

கூடத்தில் தூணில் சாய்ந்து உட்கார்ந்து என் ஆயாவும் பார்ப்பார். எழுதப் படிக்கத் தெரியாதவர். பிரெஞ்சுக்காரர் காலத்தில் பிறந்து, 1954 நவம்பரில் புதுச்சேரி இந்தியாவோடு சேர்ந்ததைப் பார்த்தவர். கதை புரியாமல் நடுவில் கேள்வி கேட்பார், நாங்கள் சலித்துக்கொள்வோம். ஒருநாள் கதையைப் பத்திரிகையில் முன்பே படித்திருந்த அக்கா அவருக்கு விளக்கிச் சொன்னார்: "அந்த ஊருல வயசானவங்கள வச்சிக்க மாட்டாங்க ஆயா. கெடு முடிஞ்சா கொன்னுடுவாங்க."

ஆயா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "அப்ப அந்த ஊருல நான் எங்க இருப்பேன்?"

எல்லோரும் சிரித்துவிட்டோம். அந்தக் கேள்வியைப் பற்றித்தான் இன்று உங்களோடு கொஞ்சம் சிந்திக்க விரும்புகிறேன்.

கதையும் கதாசிரியரும்

இந்தக் கதையை எழுதியவர் சுஜாதா. 1935-இல் பிறந்து 2008-இல் மறைந்த எஸ். ரங்கராஜன்தான் அவர். திருச்சி புனித வளனார் கல்லூரியில் இயற்பியல் படித்து, பின்பு பொறியியல் கற்று, பெங்களூரு பாரத் மின்னணு நிறுவனத்தில் பணியாற்றியவர். இன்று நாம் வாக்களிக்கும் மின்னணு இயந்திரத்தின் உருவாக்கத்திலும் அவருக்குப் பங்கு உண்டு. அறிவியல் கட்டுரைகளைப் பாமரரும் படிக்கும் தமிழில் எழுதியவர். 'என் இனிய இயந்திரா' 1980-களில் ஆனந்த விகடனில் தொடர்கதையாக வந்தது. பின்னர் தூர்தர்ஷன் தொடராயிற்று.

கதை நடக்கும் காலம் கி.பி. 2021-ஐ ஒட்டியது. இந்தியாவை ஜீவா என்ற சர்வாதிகாரி ஆளுகிறான். மக்கள் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. பெயர் இரண்டெழுத்துக்கு மேல் இருக்கக் கூடாது. நிலா, சிபி, ரவி, மனோ என்று கதையில் வருவோர் அனைவரும் இரண்டெழுத்துக்காரர்களே. குழந்தை பெற அரசின் அனுமதி வேண்டும். வயது வரம்பைக் கடந்த முதியோர் வாழ அனுமதி இல்லை. நாடு சுத்தமாக, ஒழுங்காக, செழிப்பாகத் தோற்றம் தரும். கேள்வி கேட்பவர்களை மட்டும் காணவில்லை!

நிலாவின் கணவன் சிபி ஒருநாள் மறைந்துபோகிறான். அவனைத் தேடப் புறப்படும் அந்தப் பெண்ணுக்குத் துணையாக நிற்பது ஜீனோ. தேடல் ஜீவா வரை போகிறது. அங்கே காத்திருப்பதுதான் கதையின் பெரிய அதிர்ச்சி. ஜீவா என்று ஒரு மனிதனே கிடையாது! மக்கள் கைதட்டி வணங்கியது வெறும் ஒளியால் ஆன ஓர் உருவத்தை. அதற்கு ஹோலோகிராம் என்று பெயர். ஒரு பொருளில் பட்டுத் திரும்பும் ஒளியைப் பதிவு செய்து, அதிலிருந்து அந்தப் பொருள் முன்னால் நிற்பதுபோலவே முப்பரிமாணத்தில் காட்டும் முறை அது. டென்னிஸ் காபர் என்ற விஞ்ஞானி 1940-களின் இறுதியில் கண்டுபிடித்தார். அதற்காக 1971-இல் நோபல் பரிசும் பெற்றார். சுஜாதா அந்த ஒளியைச் சிம்மாசனத்தில் உட்கார வைத்துவிட்டார்.

நாங்கள் வாயைப் பிளந்துகொண்டிருந்தபோது ஆயா மட்டும் அசரவில்லை. "துரையை நாங்க எங்க பாத்தோம்? காகிதம்தான் வரும். அதுக்கே பயந்துக்கினு கிடந்தோம்" என்றார்.

எது பலித்தது?

இந்தக் கதையின் ரசிகர்கள் இரண்டு பேர் சந்தித்தால் முதலில் பேசுவது, அதில் எதெல்லாம் பலித்தது என்பதைத்தான். நானும் அப்படிப் பலமுறை பேசியிருக்கிறேன். 1999-இல் ஜப்பானில் சோனி நிறுவனம் 'ஐபோ' என்ற இயந்திர நாயை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, "பார்த்தாயா, ஜீனோ வந்துவிட்டது!" என்றோம். 2010-இல் ஆதார் வந்து, ஒவ்வொருவருக்கும் 12 இலக்க எண் கிடைத்தபோது, "சுஜாதா அன்றே சொன்னார்" என்றோம். நாட்டில் தேர்தல்கள் தொடர்ந்து நடக்கின்றன, சர்வாதிகாரி யாரும் வரவில்லை. ஆகவே கதையின் இருண்ட பகுதி பலிக்கவில்லை என்று நிம்மதியடைந்தோம்.

ஆனால் இத்தகைய கதைகள் பஞ்சாங்கம் அல்ல. நாளைக்கு நடக்கப்போவதைக் குறித்துக் கொடுப்பது அவற்றின் வேலையும் அல்ல. எழுதப்பட்ட காலத்தில் நம்மிடையே சிறிதாக, மறைவாக இருக்கும் ஒன்றை எடுத்து, அதைப் பெரிதாக்கி, வேறோர் ஆண்டின் பெயரில் நமக்கே காட்டுகின்றன. கிட்டப் பார்த்தால் கண் மறுத்துவிடும் என்பதால் தூரத்தில் வைத்துக் காட்டுகின்றன.

ஜீவாவின் சட்டங்களும் ஆகாயத்திலிருந்து வந்தவை அல்ல. 1975 முதல் 1977 வரை நெருக்கடி நிலைக் காலத்தில் நம் நாட்டில் குடும்பக் கட்டுப்பாடு என்ற பெயரில் ஏழை மக்கள் பலர் கட்டாயப்படுத்தப்பட்டார்கள். சீனாவில் 1980-இல் தொடங்கிய ஒரு குழந்தைக் கொள்கை 35 ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. பிறக்கும் உயிருக்கு அனுமதிச் சீட்டு கேட்பது கற்பனை அல்ல, மனிதர்கள் செய்து பார்த்ததுதான். அப்படியென்றால் முதியோரைப் பற்றிய அந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்விக்கு விடை தேட நான் வெகுகாலம் முயலவே இல்லை.

2021 வந்தது

கதையின் ஆண்டான 2021-உம் வந்தது. அந்த ஆண்டை நாம் மறக்க முடியாது. கொரோனாவின் இரண்டாம் அலையில் பெற்றவர்களை மருத்துவமனை வாசலில் விட்டுவிட்டு, உள்ளே போக முடியாமல் நின்ற பிள்ளைகள் எத்தனை பேர்! கடைசியாக முகம் பார்க்காமலே அடக்கம் செய்த வீடுகள் எத்தனை!

அதே ஆண்டில்தான் மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், தாத்தா பாட்டிகளுக்கும் முதியோருக்குமான உலக நாளை ஏற்படுத்தினார். 2021 சூலை 25 அன்று அது முதன்முறையாகக் கொண்டாடப்பட்டது. புனிதர்கள் சுவக்கின், அன்னாவின் திருநாளான சூலை 26-ஐ ஒட்டி, சூலை மாதத்தின் நான்காம் ஞாயிறு அதற்குக் குறிக்கப்பட்டது. கதையில் முதியோருக்கு இடம் மறுக்கப்பட்ட காலத்திலேயே, திருச்சபை அவர்களுக்கென ஒரு நாளைக் குறித்து வைத்தது. அன்று திருப்பலியில் அமர்ந்திருந்த எனக்கு ஆயாவின் கேள்வி மீண்டும் காதில் விழுந்தது.

அந்தக் கேள்விக்கு விடை நம் தமிழ் மண்ணிலேயே இருக்கிறது. தென்மாவட்டக் கிராமங்கள் சிலவற்றில் 'தலைக்கூத்தல்' என்ற வழக்கம் இருந்து வந்ததை நீங்கள் செய்தித்தாள்களில் படித்திருக்கலாம். படுத்த படுக்கையாகிவிட்ட முதியவரை, எண்ணெய்க் குளியல் போன்ற ஏதோ ஒரு பெயரில், குடும்பத்தாரே மரணத்துக்கு அனுப்பிவைக்கும் கொடுமை அது. அதைப் பற்றி எடுக்கப்பட்ட 'பாரம்' என்ற படம் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. அந்தப் பெயரே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. அங்கே ஜீவா இல்லை, கணினி இல்லை, சட்டமும் இல்லை. வறுமை இருக்கிறது, பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத நிலை இருக்கிறது, "இழுத்துக்கிட்டு கிடக்கிறதுக்கு இது மேல்" என்ற பேச்சு இருக்கிறது. அது போதுமானதாக இருந்திருக்கிறது.

என் வீட்டு ஜீவா

தென்மாவட்டத்துக் கதை நமக்கு எதற்கு என்று நினைக்க வேண்டாம். சில ஆண்டுகளுக்கு முன்பு என் அம்மா பக்கவாதத்தில் விழுந்தார். ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு படுக்கை. பகலில் பார்த்துக்கொள்ள ஒரு பெண்மணியை வைத்தோம். மாத்திரை, கட்டில் வாடகை, படுக்கைப் புண்ணுக்கு மருந்து என்று செலவு ஏறிக்கொண்டே போனது. ஓர் இரவு மகளின் பள்ளி நோட்டில் ஒரு தாளைத் திருப்பிக் கணக்கு எழுதினேன். மாதம் இவ்வளவு என்று கூட்டினேன். அந்தத் தொகையின் பக்கத்தில் பெருக்கல் குறி போட்டேன். பிறகு பேனா நின்றுவிட்டது.

எத்தனை மாதத்தால் பெருக்குவது?

சிறுவனாக ஜீவாவின் மீது பல்லைக் கடித்தவன் நான். அவன் ஒழிய வேண்டும் என்று நண்பர்களோடு சேர்ந்து கத்தியவன். இன்று என் கையில் பேனா இருக்கிறது, தாளில் பெருக்கல் குறி இருக்கிறது, சுவருக்கு அந்தப் பக்கம் அம்மா இருமுகிறார். என் அம்மாவுக்குக் கெடு குறிக்கும்படி எனக்கு யார் உத்தரவிட்டது? ஒருவரும் இல்லை. ஜீவாவின் சிம்மாசனத்தில் யாரும் இல்லாததைப் போலவே, இங்கும் யாரும் இல்லை. "செலவு", "நாலு பேர் சொல்வது", "நம்மால் முடியாது" என்ற ஒளி உருவத்தைத்தான் வணங்கிக்கொண்டிருந்தேன்.

செலவு பொய்யல்ல, களைப்பும் பொய்யல்ல. முதியவரைப் பார்த்துக்கொள்ளும் மகளும் மருமகளும் படும் பாட்டை அறியாதவர்கள் அவர்களுக்கு அறிவுரை சொல்வது எளிது. பாரம் இருக்கிறது என்பது உண்மை. மனிதரே பாரம் என்பதுதான் பொய். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள கோடு மிக மெல்லியது. நான் அதைத் தாண்டப் பார்த்தேன்.

அன்றிரவு ஒரு பெரிய மனமாற்றம் வந்ததாகச் சொல்ல மாட்டேன். மறுநாள் காலை தம்பியிடமும் தங்கையிடமும் பேசினேன். முறை வைத்துக்கொண்டோம். அன்பியத்தில் சொன்னதும் பக்கத்து வீட்டு அக்கா வாரம் இரண்டு மதியம் வந்து அம்மாவோடு இருந்தார். பாரம் குறையவில்லை, தோள்கள் கூடின.

சட்டமும் துணைக்கு இருக்கிறது. 2007-இல் வந்த பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தின்படி, தம்மைக் காத்துக்கொள்ள இயலாத பெற்றோர் பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கேட்டுத் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். முதியோரைக் கைவிடுவது தண்டனைக்குரிய குற்றம். துன்பத்தில் இருக்கும் முதியோருக்காக 14567 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி உதவி எண்ணும் உண்டு. உங்கள் தெருவில் தேவைப்படுவோருக்கு இதைச் சொல்லுங்கள்.

ஆனால் சட்டம் மட்டும் போதாது என்பதையும் அந்தக் கதையே சொல்கிறது. ஜீவா ஒழிந்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்று நாங்கள் எதிர்பார்த்தோம். நடந்தது வேறு. நிலாவைப் பெயருக்கு அரசியாக்கிவிட்டு, அதிகாரத்தை வேறு கைகள் எடுத்துக்கொண்டன. 'மீண்டும் ஜீனோ' என்று இரண்டாவது கதையே எழுத வேண்டியிருந்தது! அன்று எங்களுக்கு அது பெரிய ஏமாற்றம். இப்போது யோசித்தால் ஆசிரியர் சரியாகவே எழுதியிருக்கிறார் என்று தோன்றுகிறது. ஓர் உருவத்தை அணைத்தால் மட்டும் பயனில்லை. அதை வணங்கிய பழக்கம் நம்மிடம் அப்படியே இருக்கிறதே!

இரண்டெழுத்துப் பெயர்

கடைசியாக ஒன்று. ஆயா இறந்தபோது கல்லறைக் கல்லில் எழுத அவர் பெயரைக் கேட்டார்கள். வீட்டில் பேரப்பிள்ளைகள் ஒன்பது பேர் நின்றோம். ஒருவருக்கும் தெரியவில்லை! எங்களுக்கு அவர் எப்போதும் 'ஆயா'தான். இரண்டே எழுத்து. ஜீவாவின் சட்டம் எங்கள் வீட்டில் முன்பே நடைமுறையில் இருந்திருக்கிறது. ஞானஸ்நானப் பதிவைப் பார்த்த பிறகுதான் அவருக்கு ஏழெழுத்தில் அழகான ஒரு பெயர் இருந்தது தெரிந்தது.

அந்தக் கூடத்தில் தொடர் பார்த்த இருபது பேரில் சரியான கேள்வியைக் கேட்டவர் அவர் ஒருவர்தான். நாங்கள் சிரித்தோம். ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 2 அன்று கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றும்போது அந்தச் சிரிப்புக்காக அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

அன்பு வாசகர்களே, உங்கள் வீட்டிலும் தூணில் சாய்ந்தோ கட்டிலில் படுத்தோ ஒருவர் இருக்கலாம். அவருடைய முழுப் பெயரை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறீர்களா? இல்லையென்றால் இன்று இரவு சாப்பாட்டு வேளையில், அவர் பக்கத்தில் உட்கார்ந்தே, சொல்லிக் கொடுங்கள்.