பெரிய பாட்டியின் மடி

இதைப் படிக்கும் சகோதரிகளில் எத்தனை பேருக்குத் தங்கள் கொள்ளுப் பாட்டியின் முகம் நினைவிருக்கிறது? எனக்கு முகம் மட்டுமல்ல, அந்த இரண்டு கால்களும் நன்றாக நினைவிருக்கின்றன.

திருவல்லிக்கேணியில் எங்கள் ஒண்டுக் குடித்தனத்தின் கிணற்றடியில், பலகையைப் போட்டுக் கால்களை நீட்டி உட்காருவாள் பெரிய பாட்டி. என் தாத்தா, அப்பா, நான், என் தம்பிகள் எல்லோருமே அந்தக் கால்களில் கிடந்து குளித்தவர்கள்தாம்! குளித்த குழந்தைக்கு உரைமருந்து கொடுப்பாள். சுட்ட வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், ஒவ்வொன்றும் கல்லில் இரண்டே இழைப்பு. பிள்ளை பெற்றவளுக்கு அங்காயப் பொடிச் சாதம், அப்புறம் லேகியம்.

அவளுக்கு 9 வயதில் கல்யாணம். 26 வயதில் கைம்மை. கையில் ஒரே பிள்ளை. அதன் பிறகு அவள் ஆயுளெல்லாம் உற்றார் வீட்டுப் பிரசவங்களிலும் காய்ச்சல்களிலும் கழிந்தது. "உனக்கு என்ன பிடிக்கும், பாட்டி?" என்று ஒருவராவது கேட்டோமா? இல்லை.

1952-ல் என் கடைசித் தம்பி பிறந்தான். அம்மாவுக்கு உடம்பு தேறவில்லை. "எட்டாவதோடு போதும். குழந்தையை யார் பார்த்துக்கிறது?" என்று சொல்லி, அப்பா என் படிப்பை நிறுத்தத் தீர்மானித்துவிட்டார். நான் மூலையில் உட்கார்ந்து அழுதேன். வீட்டு விவகாரம் எதிலும் தலையிடாத பெரிய பாட்டி, அன்று 80 வயதில் வாயைத் திறந்தாள்.

"ஏண்டா, என் கால் இன்னும் நீட்டத்தானே வருது? குழந்தையை இதிலே போடு. அவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பு. எனக்கு யாரும் ஓர் எழுத்துச் சொல்லித் தரலை. அந்தக் குறை என்னோட போகட்டும்!"

அப்பா மறுபேச்சுப் பேசவில்லை.

இதற்குப் பாட்டி என்னிடம் கேட்ட கூலி ஒன்றே ஒன்றுதான்: கதை. அப்போது 'கல்கி'யில் 'பொன்னியின் செல்வன்' வந்துகொண்டிருந்தது. 1950-ல் தொடங்கி 1954 வரை வந்த கதை அது. வாரந்தோறும் வாய்விட்டுப் படிப்பேன். தம்பி அவள் கால்களில் தூங்கிப் போவான். "வந்தியத்தேவன்னு எங்கேடி போட்டிருக்கு?" என்று கேட்டு, அந்த எழுத்துக்களை விரலால் தடவிப் பார்ப்பாள். அவளுக்கு என்ன பிடிக்கும் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

1955-ல் எஸ்.எஸ்.எல்.சி. தேறினேன். அந்தச் செய்தியைக் கேட்டுவிட்டு, மறு வருஷம் அவள் கண்ணை மூடினாள். நான் ஆசிரியையாகி, எத்தனையோ குழந்தைகளுக்கு 'அ'னா, 'ஆ'வன்னா சொல்லிக் கொடுத்தேன்.

இன்று நானும் ஒரு கொள்ளுப் பாட்டி. பேத்திக்குக் குழந்தை பிறந்ததும் ஆசையோடு பழைய உரைகல்லை எடுத்தேன். "முதல் ஆறு மாசம் தாய்ப்பாலைத் தவிர எதுவும் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார், பாட்டி" என்றாள். அவள் சொன்னது சரிதான். கல் பெட்டிக்குள் திரும்பிப் போய்விட்டது.

ஆனால் லீவு முடிந்த அன்று, குழந்தையை விட்டுப் போக மனம் வராமல் அவள் வாசற்படியில் தயங்கி நின்றபோது, நான் கால்களை நீட்டி உட்கார்ந்துகொண்டேன்.

"குழந்தையை இதிலே போடு. நீ ஆபீஸுக்குப் போய் வா, அம்மா!"